திரைச்சீலைக்கு நாங்கள் பொறுப்பல்ல

பார்லே ஊரில் எல்லை என்பது
நடைபாதையில் பதித்த வெள்ளைச் சிலுவைக் குறிகள்.
ஒரு ரொட்டிக்கடைக்குள் புகுந்து வெளியேறும்:
மாவு பெல்ஜியத்தில், கல்லாப்பெட்டி நெதர்லாந்தில்.
மழை பெய்தால் இரண்டு நாடும்
ஒரே சாக்கடையில் வடியும்.

நான் அங்கே இணைப்புக் கொடுப்பவன்.
வண்டியில் இரண்டு நாட்டுப் படிவமும் கிடக்கும்.
கதவிலக்கத்தின் ஓரத்துக் குட்டிக் கொடியைப் பார்த்த பிறகுதான்
எந்தப் பெட்டியைத் தூக்குவதென்று முடிவாகும்.

ஜனவரியில் ஹூப் கூப்பிட்டார்.
பத்தொன்பது வருடத் தாம்பத்தியத்தை விட்டு
தெருவைக் கடந்து
எதிர்மாடிக்குக் குடிவந்திருந்தார்.
இரண்டு பெட்டி, ஒரு காப்பி இயந்திரம்,
பாதியில் நின்ற துப்பறியும் தொடர் ஒன்று.
"பீட்ரூட் வயலில் பிணம். யார் போட்டது தெரியாது.
இங்கே வந்து திறந்தால் எழுத்து மட்டும் வருகிறது."
வந்தது:
இந்த நிகழ்ச்சி உங்கள் பகுதியில் கிடைக்காது.

உரிமையை பெல்ஜியத்துக்கு மட்டும் விற்றிருக்கிறார்கள் என்றேன்.
இங்கேயும் அதே மொழிதானே என்றார்.
மொழிக்கு விற்பதில்லை, நிலத்துக்குத்தான் விற்பார்கள்.
அவர் ஜன்னலைக் காட்டினார்.
"அதோ என் சோபா. ஆறு எட்டு. நேற்று எண்ணிப் பார்த்தேன்.
ஒரு கம்பி இழுத்துவிட முடியாதா?"
முடியும். என் வேலை போய்விடும்.
அந்த வீட்டுக் கடவுச்சொல் தெரியுமே உங்களுக்கு என்று கேட்டதற்கு
"முதலில் மாற்றியது அதைத்தான்" என்றார்.
படிவத்தில் எழுதினேன்: பழுது ஏதுமில்லை.

பிப்ரவரியில் கோடெலீவ் கூப்பிட்டாள்.
தொலைக்காட்சியை உள்சுவருக்கு மாற்ற வேண்டுமாம்,
தெருவைப் பார்த்தாற்போல.
ஜன்னல் வெளிச்சம் அடிக்கும், படம் தெரியாது என்றேன்.
"ராத்திரியில்தான் பார்ப்பேன்."
ஆணி அடித்தேன்.
பேசுவதெல்லாம் கீழே எழுத்தாக வருமா என்றாள்.
வரும். எவ்வளவு பெரிதாக?
"இருப்பதிலேயே பெரிதாக."
காது நன்றாகத்தான் கேட்கிறது அவளுக்கு;
நான் ஏணியில் முனகியதற்கே பதில் சொன்னவள்.
புறப்படும்போது அழைப்பு மணியைக் கழற்றி நீட்டினாள்.
அது எங்கள் நிறுவனத்தின் வேலையில்லை.
இரண்டு பேட்டரிதான். போட்டுக் கொடுத்தேன்.

அதன் பிறகு வியாழக்கிழமைகளில்
வண்டி தானாகவே அந்தத் தெருவில் திரும்பியது.
கீழே அவள் ஜன்னல் முழுக்கத் திறந்திருக்கும்.
சோபாவில் அவள் பின்னந்தலை,
அதற்கு மேலே பீட்ரூட் வயல்,
வயலுக்குக் கீழே கடைப்பலகை அளவில் எழுத்து:
அன்றிரவு நீங்கள் எங்கே இருந்தீர்கள்?
மேலே ஹூப்பின் அறை இருட்டு. இருட்டில்
பறவை பார்க்கும் தொலைநோக்கியின் இரண்டு வட்டம்.

ஒருமுறை அவர் எழுந்து போனார்.
சமையலறை விளக்கு எரிந்தது.
எதிரே படம் அப்படியே நின்றது,
துப்பறிபவளின் வாய் பாதி திறந்தபடி.
விளக்கு அணைந்தது.
வாய் மூடியது.
அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை;
ஜன்னல் கண்ணாடி எதிரொளித்த எதையோ
திரையின் கறுப்பில் பார்த்திருக்க வேண்டும்.

ஒளி தெருவைக் கடக்க உரிமம் வேண்டுமா?
படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை.
நான் கேட்கவும் இல்லை.

மார்ச்சின் கடைசி வியாழன், கடைசிப் பகுதி.
ஒன்பதே காலுக்கு என் போன் அடித்தது.
"சிக்னல் போய்விட்டது."
என்ன தெரிகிறது?
"பூப்போட்ட துணி."
கொலையாளி கையுறையைக் கழற்றும் நேரம் பார்த்து
இழுத்து மூடிவிட்டாளாம்.
திரைச்சீலைக்கு எங்கள் நிறுவனம் பொறுப்பல்ல என்றேன்.
மூச்சு மட்டும் கேட்டது. பின்னால்
காப்பி இயந்திரம் குமிழியிட்டது.
"அந்த வீட்டு மணி நான் இருந்தவரை அடித்ததே இல்லை."
இப்போது அடிக்கும்.
"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

நான் சொல்லி முடிக்கும் முன்
போனை எங்கோ வைத்துவிட்டார். அணைக்கவில்லை.
நாற்காலி நகர்ந்தது. செருப்பு தேடும் சத்தம்.
கதவு.
மாடிப்படி, ஒன்றிரண்டு தாவி.
அதுவரை கேட்டது.
அதற்கு மேல்
என் இணைப்பு எட்டவில்லை.